தவிடும் நாகரிகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் ஐரோப்பாவின் மாவாலைகளிலே பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. திரிகைக் கற்களின் இடத்தை உருக்கு உருளைகள் பெற்றன. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி, வெண்ணிற மாவை மலிவாகக் குவிக்கும் ஆற்றல் புதிய ஆலைகளுக்கு வாய்த்தது. முன்னர் செல்வரின் மேசைக்கு உரியதாயிருந்த வெள்ளைப் பாண் தொழிலாளியின் குடிசைக்கும் வந்தது. எண்ணெய்ப்பசையுள்ள முளை நீங்கியமையால் மா நெடுநாள் கெடாதிருந்தது. வணிகருக்கு அது பேருதவியாயிற்று. நீக்கப்பட்ட தவிடு மாட்டுக்குத் தீனியாயிற்று. தவிட்டோடு மனிதர் எதனை இழந்தனர் என்ற கேள்வி வலுப்பெற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

அக்கேள்வியை உரத்து எழுப்பியவர்கள், பிரித்தானிய ஆட்சிக்காலத்து உகண்டாவிலே கடமையாற்றிய ஹியூ ட்ரவல், டெனிஸ் பேர்க்கிற் என்னும் இரு வைத்தியர்களாவர். இங்கிலாந்திலே மலிந்து கிடந்த மலச்சிக்கல், குடல்வால் அழற்சி, பெருங்குடற் புற்றுநோய், நீரிழிவு என்பன உகண்டாவின் கிராமத்தவரிடையே அரிதாயிருந்தமையை அவர்கள் கண்டனர். இலண்டன் திரும்பிய பேர்க்கிற், கிராமப்புற வைத்தியசாலைகள் பலவற்றிலிருந்து தகவல் திரட்டினார். 1972இல் அவரும் தென்னாபிரிக்காவின் அலெக் வோக்கரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, உணவு குடலைக் கடக்க உகண்டாக் கிராமத்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நாளும், பிரித்தானியக் கடற்படையினர் குடும்பங்களுக்கு மூன்றரை நாளும் சென்றதெனக் காட்டியது. நார்ப்பொருளின் குறைவே இதற்குக் காரணம் என்பது அவர்தம் முடிபு.

எனினும், நார்ப்பொருளைக் குடலைத் துப்புரவாக்கும் ஒரு விளக்குமாறாகவே அன்று பலர் எண்ணினர். அது குடலிலே வாழும் கோடானுகோடி பற்றீரியாக்களின் உணவு என்ற உண்மை பின்னரே தெளிவாயிற்று. நம் சமிபாட்டு நொதியங்களால் சிதைக்கவியலாத நார்ப்பொருளைப் பெருங்குடற் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து, பியூற்றிரிக்கமிலம் முதலிய கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலம் குடற்சுவரின் கலங்களுக்குச் சத்தளிக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது. இவ்வமிலங்கள் இன்சுலின் சுரப்புக்குத் துணைசெய்யும் ஓமோன்களையும் தூண்டுகின்றன.

2015இல் ஸ்டீபன் ஓகீவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் துலக்கமாக்கியது. ஆபிரிக்க அமெரிக்கர் இருபதின்மரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் இருபதின்மரும் இரு வாரங்கள் ஒருவர் உணவை மற்றவர் உண்டனர். அமெரிக்கரின் குடலில் பியூற்றிரிக்கமிலம் பெருகி அழற்சி குறைந்தது. கிராமத்தவரிடம் நேர்மாறு நிகழ்ந்தது. 2018இல் சீன ஆய்வாளர் சாவோ லீபிங் குழுவினர், நார்ப்பொருள் மிகுந்த உணவு குறிப்பிட்ட சில பற்றீரியாக்களை வளர்த்து, நீரிழிவு நோயாளரின் குருதிச் சர்க்கரையைக் குறைத்ததை நிறுவினர். குடலின் இயல்பைக் குருதி வழி வந்த விதியாகக் கொள்ளும் இனவாதக் கற்பனைக்கு இரு வார உணவே விடையளித்துவிட்டது.

ஆயினும், ஆபிரிக்கக் கிராமத்தின் வறுமையை ஆரோக்கியம் என்று போற்றுவது பெருந்தவறாகும். அதே ட்ரவல், வேறு இருவருடன் சேர்ந்து 1954இல் குவாசியோர்க்கர் பற்றிய நூலை எழுதியவர். புரதமும் போதிய உணவுமின்றி உடல் வீங்கி மடிந்த குழந்தைகளின் நோய் அது. ஒருபுறம் நார்ப்பொருள் நிறைந்த உணவு. மறுபுறம் பசியால் வாடும் பாலர். இரண்டையும் ஒருங்கே நோக்காத ஆய்வு அரை உண்மையையே கூறும்.

இன்று, மாட்டுக்கு இடப்பட்ட அதே தவிடு அழகிய பெட்டிகளில் உயர்விலைக்கு விற்கப்படுகிறது. மாவை வெளுத்து இலாபங்கண்ட வணிகம், வெளுக்காமையிலும் இலாபங்காண்கிறது. “நார்ப்பொருளை உண்ணுங்கள்” என்னும் அறிவுரை நல்லதே. ஆனால் நம் மலையகத் தோட்டத் தொழிலாளி கோதுமை மா ரொட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறுவது நாவின் விருப்பால் மட்டும் நிகழ்வதன்று. கூலியும் விலையும் ஓய்வின்மையும் கூடித் தீர்மானித்த உணவு அது. பருப்பும் குரக்கனும் கீரையும் அவள் அடுப்படியை எட்டும் விலைக்கு வரவேண்டும். அவற்றைச் சமைக்கும் ஓய்வும் அவளுக்குக் கிட்டவேண்டும். அதற்கான போராட்டத்தையும் சுகாதாரப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வகுப்பறையில் நாம் கற்பித்தல் வேண்டும்.