டார்ஜிலிங் ‘பி’ வகுப்பு இயந்திரமும் மனித உழைப்பும்

டார்ஜிலிங் இமயமலைப் புகையிரதப் பாதை 1881இல் நிறைவுற்றது. இரண்டடி அகலமே கொண்ட அப்பாதைக்கென ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் 1889இல் உருவாக்கிய ‘பி’ வகுப்பு நீராவி இயந்திரங்கள், 1927 வரை 34 கட்டப்பட்டன. வரலாற்றாசிரியர்கள் இவற்றின் உற்பத்தியாளரையும் ஆண்டுகளையும் நுணுகிப் பட்டியலிடுவர். (அவர்கள் அறிந்த ‘வகுப்பு’ அது ஒன்றே!) எனினும், பற்சக்கரத் தண்டவாளத்தின் துணையின்றி இவை அச்செங்குத்தான மலையில் ஏறியது எவ்வாறு? இயந்திரத்தின் முன்விளிம்பில் அமர்ந்த இருவர், சக்கரங்கள் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவினர். கரிக்குவியலின் மேலிருந்த மற்றொருவர் நிலக்கரியை உடைத்துக் கொடுத்தார். தேயிலையை இறக்கவும் வெள்ளையரைக் கோடைவாசத்துக்கு ஏற்றவும் அமைந்த பாதையில், மலிவான கூலியுழைப்பு இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே இயங்கிற்று எனல் தகும். 1999இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுரிமையாக அறிவித்தபோதும் மணல் தூவுவோர் முன்விளிம்பிலேயே அமர்ந்திருந்தனர்.