கையெழுத்துப் பிரதியிலிருந்து கதாபாத்திரப் பெயர் வரை: மருத்துவத்துக்காக எழுத்தாளர்கள் தந்த ஏலப் பொருள்கள்

அமெரிக்க நாவலாசிரியர் பிரெண்டா நோவாக்கின் கடைசி மகனுக்குச் சிறுவயதிலேயே டைப்-1 சர்க்கரை நோய் வந்தது. 2005ஆம் ஆண்டு, அந்நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட அவர் இணையத்தில் ஓர் ஏலம் தொடங்கினார். சக எழுத்தாளர்கள் கையொப்பமிட்ட நூல்களைத் தந்தார்கள். சிலர் ஏலம் எடுப்பவருடன் மதிய உணவு உண்ண ஒப்புக்கொண்டார்கள், சிலர் வரப்போகும் நாவலின் கதாபாத்திரத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதாகச் சொன்னார்கள். இலக்கிய முகவர்களும் பதிப்பாசிரியர்களும் புதியவர்களின் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துரைக்க முன்வந்தார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடந்த அந்த ஏலம் பத்தாண்டுகளில் 20 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. பணம் மயாமி பல்கலைக்கழகத்தின் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது.

நற்பணிக்காக எழுத்தாளர்கள் ஏலப் பொருள் தருவது 2005இல் பிறந்த வழக்கமன்று. ஆனால் அவர்கள் தரும் பொருள் மாறியிருக்கிறது. எழுதி முடித்ததைக் கொடுத்த காலம் போய், இனிமேல் செய்யப்போகும் வேலையைக் கொடுக்கும் காலம் வந்தது. இந்த மாற்றம்தான் இத்தகைய ஏலத்தை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஏற்றதாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் காணலாம். 1861இல் அமைந்த சுகாதார ஆணையம் காயம்பட்ட, நோயுற்ற வடபகுதிப் படைவீரர்களின் பராமரிப்புக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. பெரும்பாலும் பெண்கள் முன்னின்று நடத்திய சுகாதாரச் சந்தைகளே அதன் முக்கிய வருவாய் வழி. 1863இல் சிகாகோ சந்தைக்காக மேரி லிவர்மோர் உள்ளிட்ட அமைப்பாளர்கள், அடிமை விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதியைத் தருமாறு அதிபர் லிங்கனிடம் கேட்டார்கள். அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு இருந்தது. இருந்தும் கொடுத்துவிட்டார். 3,000 டாலருக்கு விலைபோன அந்தத் தாள்கள் 1871ஆம் ஆண்டு சிகாகோவை எரித்த பெருந்தீயில் சாம்பலாயின. முதல்நிலைப் பிரகடனத்தின் பிரதி 1864இல் ஆல்பனி நகரச் சந்தையில் குலுக்கலுக்கு விடப்பட்டது. அடிமை ஒழிப்பு இயக்கத்தவரான கெரிட் ஸ்மித் சீட்டுகளை வாங்கிக் குவித்து அதை வென்றார். அது இன்று நியூயார்க் மாநில நூலகத்தில் இருக்கிறது.

லிங்கனை எழுத்தாளர் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். பால்டிமோர் சந்தையில் அவர் எழுத்தாளர் வரிசையிலேயே வைக்கப்பட்டார். ஹாத்தார்ன், மெல்வில், எமர்சன், லாங்ஃபெலோ முதலியோரின் கையெழுத்துகளைக் கல்லச்சில் நகலெடுத்து, 1864இல் அங்கே ஒரு தொகுப்பாக விற்றார்கள். அதற்காக லிங்கன் கெட்டிஸ்பர்க் உரையை எழுதிக் கொடுத்தார். தாளின் இருபக்கமும் எழுதியிருந்ததால் அது அச்சுக்கு உதவவில்லை. மறுபடி ஒருபக்கமாக எழுதி, தலைப்பும் தேதியும் இட்டுக் கையொப்பமும் போட்டார். இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடம் இந்தப் பிரதியிலிருந்து வந்ததுதான். நிதி திரட்டுவதற்கென்றே ஒரு பிரதி உருவாக்கப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எழுதியவரின் உழைப்பு ஏலப் பொருளுக்குள் நுழையத் தொடங்கிவிட்டது.

இந்தச் சந்தைகளெல்லாம் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் உதவியவை. நோயின் காரணத்தை ஆராயப் பொதுமக்கள் காசு கொடுப்பது பிற்பாடு வந்த பழக்கம். 1929இல் ஜே.எம். பாரி ‘பீட்டர் பேன்’ உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு சிறுவர் மருத்துவமனைக்கு எழுதிவைத்ததுகூட மருத்துவமனைக்கான கொடைதான். 1938இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய இளம்பிள்ளைவாத அறக்கட்டளை, பத்து சென்ட் நாணயங்களை அஞ்சலில் அனுப்பச் சொல்லி ஆராய்ச்சிக்கும் வழி செய்தது. 1955இல் அந்நோய்க்கான சால்க் தடுப்பூசி வெற்றி கண்டபோது, சிறுதொகைகள் சேர்ந்து ஓர் ஆய்வகத்தை நடத்த முடியும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. சர்க்கரை நோய்க் குழந்தைகளின் பெற்றோர் 1970களின் தொடக்கத்தில் இதே வழியில் அமைப்புகளைக் கட்டினார்கள். நோவாக்கும் அந்தப் பெற்றோர் வரிசையில் வந்தவரே.

இதற்கிடையில் கையெழுத்துப் பிரதியின் மதிப்பு உச்சம் தொட்டது. 1943இல் போர்ப் பத்திர விற்பனைக்காக ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரையின் மூலப்பிரதியைக் கேட்டார்கள். அச்சான பிறகு அது பாதுகாக்கப்படவில்லை. செயலர் ஹெலன் டூகாஸ் அச்சுப் பிரதியைப் படிக்கப் படிக்க, ஐன்ஸ்டைன் தன் கட்டுரையைத் தானே கேட்டெழுதினார். 1944இல் கான்சாஸ் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் 65 லட்சம் டாலருக்குப் பத்திரம் வாங்கி அதை வென்றது. அது அரசுக்குக் கொடுத்த கடனே, நன்கொடையன்று. 1960இல் வரிச்சுமையில் தவித்த லண்டன் நூலகத்துக்காக டி.எஸ். எலியட் தன் ‘பாழ்நிலம்’ கவிதையைக் கையால் மறுபடி எழுதித் தந்தார். அது 2,800 பவுனுக்குப் போயிற்று. இ.எம். ஃபார்ஸ்டர் கொடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாவலின் பிரதி 6,500 பவுனுக்குப் போனது.

ஆனால் ஒரு நாவலுக்கு ஒரு மூலப்பிரதிதான் உண்டு. கணினி வந்ததும் அதுவும் போயிற்று. எழுத்தாளரிடம் மிச்சமிருந்தவை நேரமும் கற்பனையும்தான். 2005 செப்டம்பரில், கருத்துரிமை வழக்குகளை நடத்தும் ஓர் அமெரிக்க அமைப்புக்காக, எழுத்தாளர்கள் தங்கள் கதாபாத்திரங்களுக்குப் பெயரிடும் உரிமையை ஈபே தளத்தில் ஏலம் விட்டார்கள். ஸ்டீபன் கிங்கின் ‘செல்’ நாவலுக்கு 25,100 டாலர் கிடைத்தது. ஒரு பெண்மணி தன் சகோதரனின் பெயருக்காகக் கொடுத்த பணம் அது. நாவலில் அந்தப் பெயர்க்காரர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறக்கிறார்! கோயில் திருவிழாவில் வேலில் செருகிய எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விலை வியப்பளிக்காது.

நோவாக் ஏலத்தின் தனித்தன்மை, அங்கே வாங்க வந்தவர்கள் சேகரிப்பாளர்களாக மட்டும் இல்லை என்பது. காதல் நாவல் உலகில் வாசகியே நாளைய எழுத்தாளராவது சகஜம். அவர்களுக்கு முகவர் ஒருவர் தங்கள் முதல் அத்தியாயங்களைப் படிப்பதே பெரும்பேறு. மாதக்கணக்கில் பதில் வராத ஓர் உலகில், பணம் கட்டியவருக்குப் பதில் நிச்சயம். இதில் ஒரு நெருடலும் இருக்கிறது: பணமுள்ளவர் வரிசையைத் தாண்டுகிறார். முகவர் பிரதியை ஏற்பதாக யாரும் வாக்குத் தரவில்லை, படிப்பதாக மட்டுமே சொன்னார்கள் என்பதால் இதை முறைகேடு என்று சொல்லமாட்டேன். கருத்துரையை அடுத்த ஆண்டும் தரலாம், அதற்கடுத்த ஆண்டும் தரலாம். தீராத இந்தச் சரக்குதான் ஏலத்தைப் பத்தாண்டு ஓடச் செய்தது. ஆண்டுக்கணக்கில் நிதி தேவைப்படும் ஆய்வுக்கு ஒரே ஒரு பிரதியின் விலையைவிட இதுவே பொருத்தம்.

ஏலப் பணம் எந்த ஆய்வுக்குப் போனது என்பதையும் பார்க்கலாம். டைப்-1 நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. அந்தச் செல்கள் அடங்கிய திட்டுகளைக் கொடையாளியின் கணையத்திலிருந்து பிரித்து நோயாளிக்குச் செலுத்தும் முயற்சியில் மயாமி நிறுவனம் நீண்டகாலமாக முன்னணியில் நிற்கிறது. திட்டுகளைப் பிரித்தெடுக்கும் கருவியை 1980களின் இறுதியில் உருவாக்கிய கமில்லோ ரிகார்டி பல்லாண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார்.

திரட்டிய தொகையின் அளவையும் மறக்கக் கூடாது. டைப்-1 ஆய்வுக்கு அமெரிக்க அரசின் சிறப்புத் திட்டம் ஒன்றே அந்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. நோவாக்கின் பத்தாண்டுத் தொகை அதன் ஒரு வாரச் செலவைக்கூட எட்டாது. தனக்கு அல்ஸைமர் வகை நோய் வந்ததும் நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் 2008இல் ஆராய்ச்சிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். வாசகர்கள் அதற்கு ஈடுசெய்யத் தனி இயக்கமே தொடங்கினார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் அதுவே எளிய வழி. ஏலத்தின் பலன் வேறு: தன்னிடம் பெரும்பணம் இல்லாத எழுத்தாளரையும் அது கொடையாளராக்கியது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1864ஆம் ஆண்டுச் சந்தைகளின் வெளியீடுகள் இன்றும் நூலகங்களில் கிடைக்கின்றன. இணைய ஏலப் பட்டியல்களோ தளம் மூடப்பட்டதும் மறைந்துவிடுகின்றன. யார் எதைத் தந்தார், என்ன விலை போனது என்ற விவரங்களை, நடத்தியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு வாங்கி நூலகங்களில் சேர்க்க வேண்டும்.