இணைப்புத் திரட்டல்

இணைப்புத் திரட்டல் என்பது இரண்டு நெட்வொர்க் கருவிகளுக்கு இடையே ஓடும் பல கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாக இயக்கும் முறை. களத்தில் இதை லிங்க் அக்ரிகேஷன் என்றும் சுருக்கமாக லேக் என்றும் சொல்வார்கள். சிஸ்கோ கருவிகளோடு பழகியவர்கள் ஈதர்சேனல், போர்ட்-சேனல் என்பார்கள். வேகம் போதாமல் பிறந்த முறை இது. ஆனால் வேகத் தட்டுப்பாடு நீங்கிய பிறகும் இது வழக்கொழியவில்லை. நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளையும் கருவியையும் மாற்ற இடம் தருவதே அதற்குக் காரணம். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலையில் இது தெளிவாகப் புலப்படும்.

இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேருடன் சேர்ந்து கலிபோர்னியாவில் தொடங்கிய கல்பனா நிறுவனம், 1990ஐ ஒட்டி ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு போர்ட்டும் நொடிக்கு 10 மெகாபிட் தந்தாலும், ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஒற்றைக் கேபிளில் நெரிசல் ஏற்பட்டது. பல கேபிள்களை இணையாக ஓடவிட்டு அதைத் தீர்க்க அந்நிறுவனம் வகுத்த வழியே ஈதர்சேனல். 1994இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கியது. மற்ற உற்பத்தியாளர்களும் தத்தம் வழியில் இதைச் செய்ததால், ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு ஒத்துப்போகாத நிலை வந்தது. 2000இல் ஐஇஇஇ அமைப்பு வெளியிட்ட 802.3ஏடி தரநிலையும் அதில் இடம்பெற்ற எல்ஏசிபி நெறிமுறையும் அதற்கு முடிவு கட்டின. 2008இல் இத்தரநிலை 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாற்றப்பட்டது. பழைய ஸ்விட்ச் ஒரு நிறுவனத்துடையது, புதியது வேறொன்றுடையது என்றாலும் இடையே திரட்டு அமைக்கலாம் என்ற நிலை 2000இன் தரநிலையால்தான் உறுதியானது.

வேகம்தானே இதன் பயன் என்று கேட்கலாம். அந்தப் பயன் உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. பாக்கெட்டுகளின் வரிசை குலையாதிருக்க, அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் அனுப்புவதே ஸ்விட்சின் வழக்கம். எனவே ஒரு ஜிகாபிட் கேபிள் நான்கைச் சேர்த்தாலும், ஒரு கோப்பை நகலெடுக்கும் கணினிக்கு ஒரு ஜிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. 2002இல் 10 ஜிகாபிட் ஈதர்நெட் தரநிலை வந்தபின் பல இடங்களில் வேகத்துக்கு ஒற்றைக் கேபிளே போதும் என்றானது. அதன் பிறகும் திரட்டல் கைவிடப்படவில்லை.

ஏன் என்பது ஸ்விட்ச் மாற்றத்தில் தெரியும். அங்கே நடப்பது இது. புதிய மைய ஸ்விட்சைப் பழையதன் அருகில் நிறுத்தி, இரண்டையும் குறைந்தது இரண்டு கேபிள்களால் திரட்டி, நெட்வொர்க்கின் தனித்தனிப் பிரிவுகளான எல்லா வி-லேன்களையும் அதன் வழியே விடுவார்கள். பாதைகளைத் தீர்மானிக்கும் மையமான ரூட் பிரிட்ஜ் பொறுப்பு பழைய ஸ்விட்சிடமே இருக்கும்படி முன்னுரிமை எண்ணை வைப்பார்கள். பிறகு கீழ்நிலை ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றி, வெளியே செல்லும் வாயிலான கேட்வேயின் முகவரியைக் கடைசியில் நகர்த்துவார்கள். மாறியவற்றுக்கும் மாறாதவற்றுக்கும் இடையிலான போக்குவரத்து முழுதும் நடுவில் உள்ள திரட்டின் வழியே போகும். அதில் ஒரு கேபிளைக் கழற்றினாலும் தொடர்பு அறாது.

ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய, நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை இதற்குப் போதாதா என்பது அடுத்த கேள்வி. அது மாற்று வழியை அடைத்தே வைத்திருக்கும். அதன் பழைய வடிவம் அதைத் திறக்க 30 முதல் 50 நொடி எடுக்கும். 2001இல் வந்த விரைவு வடிவம் இந்தத் தாமதத்தைப் பெரிதும் குறைத்தாலும் அடைத்த கேபிள் சும்மாவே கிடக்கும். எல்ஏசிபி இல்லாமல் கையால் அமைத்தால் என்ன என்றும் கேட்கலாம். ஒரு முனையில் அமைப்புத் தவறினால் அதைக் கண்டுசொல்ல அங்கே ஆள் இல்லை. எல்ஏசிபியோ நொடிக்கு ஒன்றோ 30 நொடிக்கு ஒன்றோ செய்தி அனுப்பி எதிர்முனையைச் சரிபார்க்கும். மூன்று செய்திகள் தொடர்ந்து வராவிட்டால் அந்தக் கேபிளை விலக்கிவிடும்.

வலுவான மறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, ஒரு சர்வரின் ஒரு கேபிளைப் பழைய ஸ்விட்சிலும் மற்றொன்றைப் புதியதிலும் செருகினால் அவை திரளாது. ஸ்விட்சுகளின் சிஸ்டம் அடையாளம் வேறு வேறு. இரண்டு ஸ்விட்சுகள் ஒன்றுபோல் நடிக்கும் எம்-லேக் இதைத் தீர்த்தாலும், அந்த இணை பெரும்பாலும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். இரண்டு, கட்டடங்களுக்கு இடையே எல்லாக் கேபிள்களும் ஒரே பாதையில் சென்றால் ஒரே அடியில் எல்லாம் அறும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறி மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த கஜா புயலுக்குப் பின், காரைக்கால் வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவை திரட்டலைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல. கேபிள்களை வெவ்வேறு பாதையில் கொண்டுசெல்லவும், சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றவும் சொல்பவை. ஸ்விட்ச் மாற்றத் திட்டத்தில் திரட்டை முதலில் அமைத்து, ஒரு கேபிளைக் கழற்றிச் சோதித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.