ரவாங் மின்சாரமும் பத்து ஆராங் கரியும்

பத்தாங் காலிக்குத் தெற்கே இரயில் பாதையில் இருக்கிறது ரவாங். 1894-இல் அங்கு ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் இருவர்: லோக் இயூ, பத்துமலைக் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளை. மலாயாவின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஈயமும் ரப்பரும் பெருகப் பெருக எரிபொருள் தேவையும் பெருகியது. 1915-இல் பக்கத்துப் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் திறந்தார்கள். சீனரோடு தமிழரும் அங்கே உழைத்தனர். அந்தக் கரியில்தான் இரயில் ஓடியது. நாடு வளர்ந்தது; கரி வெட்டியவர் கூலி வளரவில்லை. 1937-இல் தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றிப் போராடினார்கள்.

பிறகு இரயில்வே எண்ணெய்க்கு மாறியது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. அத்தோடு கரியின் கதை முடிந்ததா? இல்லை. 1980-களில் காப்பாரில் எழுந்த மின்நிலையத்துக்குக் கப்பலில் கரி வந்து இறங்கியது.

2030-க்குள், உற்பத்தியாகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் வெளியாகும் கரியமில வாயுவை 2005-ஐவிட 45 விழுக்காடு குறைப்பதாக மலேசியா உறுதி கூறியுள்ளது. கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். 100 பங்கு புகை 55 ஆகும். ஆனால், பொருளாதாரம் இரு மடங்கானால் மொத்தப் புகை 110!

வளர்ச்சியை நிறுத்த முடியாது. எரிபொருளை மாற்ற முடியும். ரவாங்கும் பத்து ஆராங்கும் அதற்குச் சாட்சி. ஆனால், சுரங்கம் மூடியபோது வேலை இழந்தவன் தொழிலாளி. அடுத்த மாற்றத்தின் கணக்கில் அவன் பெயரும் இருக்க வேண்டாமா?