தாது வருசத்துல பிரிஞ்ச அண்ணன் தம்பி

'நம்ம குடும்பம் எப்ப இருந்து இங்க இருக்கு?'ன்னு பேரன் கேட்டா, திருச்சுழிப் பக்கத்துப் பெரியவங்க பல பேர் தாது வருசப் பஞ்சத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அது 1876-78. எங்க தாத்தாவும் அப்படித்தான். குண்டாறு வறண்டு, கம்பம்புல்லுக்கும் வழியில்லாதப்ப அண்ணன் இலங்கைக்குப் போனார். தம்பி கரிசலைக் காத்துக்கிட்டு இங்கேயே கிடந்தார். நாங்க தம்பி வழி.

'தேயிலைத் தோட்டத்துக்குப் போனாரு'ம்பார் தாத்தா. அப்ப அங்க பெரும்பாலும் காப்பித் தோட்டம்தான். காப்பிச்செடி நோயில அழிஞ்ச பிறகுதான் தேயிலை பரவுச்சு. தோணியில மன்னார்ல இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடை. வழியிலேயே செத்தவங்க ஏராளம்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஆட்கள் திரும்பி வந்தப்ப, தாத்தா மண்டபம் முகாமுக்கே போய் விசாரிச்சிருக்கார். யாரும் கிடைக்கல.

"இத்தனை வருசம் கழிச்சு எதுக்குத் தாத்தா தேடுனீங்க?"

"அவரு பங்குக் காடு நம்மகிட்டல்லடா இருக்கு."