கழுத்தில் துடிக்கும் கட்டி

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "சார், பழைய கதை ஏதாவது எழுதுங்க, பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். பழைய கதை என்றால் எனக்கு 1974தான்.

அப்போது நான் ஹவுஸ் சர்ஜன். வார்டில் ஒரு நெசவாளி அம்மா. தாடைக் கோணத்துக்குக் கீழே எலுமிச்சை அளவில் கட்டி. காசநோய் நெறிக்கட்டி என்று நானே முடிவு செய்து, உறிஞ்சிப் பார்க்க ஊசியோடு நின்றேன். பின்னாலிருந்து எங்கள் சீஃப்பின் குரல்: "ஏம்ப்பா, கையை வெச்சுப் பாத்தியா?" வைத்தேன். கட்டி துடித்தது. எனக்குக் கை நடுங்கியது. அவர் திட்டவில்லை. அன்று மாலை எங்களை உட்கார வைத்துச் சரித்திரம் சொன்னார்.

லண்டனில் ராபர்ட் லிஸ்டன் பெரிய பெயர் பெற்ற சர்ஜன். ஒரு சிறுவனின் கழுத்து வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று கீறினார். பாய்ந்தது தமனி ரத்தம். தமனியைக் கட்டியும் பையன் பிழைக்கவில்லை. 1842இல் அதை அவரே எழுதி வெளியிட்டார்.

கழுத்துத் தமனி பலூன் போலப் புடைப்பது அனியூரிசம். அதற்காக ஆஸ்ட்லி கூப்பர் 1805இல் கரோட்டிட் தமனியைக் கட்டினார், நோயாளி இறந்தார். 1808இல் மறுபடி கட்டினார். அந்த நோயாளி 1821 வரை வாழ்ந்தார்.

கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில் அரிசி அளவில் ஓர் உறுப்பு உண்டு. பெயர் கரோட்டிட் பாடி. 1743இல் ஹாலர் காலத்திலேயே அறியப்பட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து மூச்சைத் தூண்டுவது அதன் வேலை. இந்த ஆராய்ச்சிக்குத்தான் ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். அந்த உறுப்பில் வளரும் டியூமரை 1880இல் ரீக்னர் அகற்றினார், நோயாளி இறந்தார். 1886இல் மைடல் அகற்றினார். நோயாளி உயிர் தப்பினார், ஆனால் பேச்சு போயிற்று, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தமனியைக் கட்டாமலே டியூமரை எடுத்தவர் ஆல்பர்ட், 1889இல்.

"புரியுதா? அனியூரிசத்துல தமனியே நோயாளி. டியூமர்ல தமனி அப்பாவி. அதைக் காப்பாத்தணும்" என்றார் சீஃப்.

பிரித்தறிய விரல் போதும் என்றார். வீக்கத்தின் இரு பக்கமும் விரல் வையுங்கள். அனியூரிசம் தானே விரிவதால் விரல்கள் விலகும். டியூமர் பக்கத்துத் தமனியின் துடிப்பைக் கடன் வாங்குவதால் இரு விரலும் ஒரே திசையில் எழும். டியூமர் பக்கவாட்டில் அசையும், மேலும் கீழும் அசையாது. ஆனால் விரலும் ஏமாறும். ரத்தம் நிறைந்த டியூமரிலும் இரைச்சல் கேட்கும். அழுத்தினால் அதுவும் கொஞ்சம் சுருங்கும். வயதானவர்களிடம் கரோட்டிட்டை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்து. மயக்கம் வரலாம், உள்ளே இருக்கும் கட்டி ரத்தம் பெயர்ந்து மூளைக்குப் போகலாம்.

அந்த அம்மாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தோம். 1927இல் லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ் தொடங்கி வைத்த முறை அது. இரு கிளைகளும் உண்டிவில் கவட்டை போல அகன்றிருந்தன. நடுவே மருந்து படர்ந்து நிறைந்தது. டியூமர்! தமனிச் சுவரின் வெளியுறை ஓரமாகப் பிரித்தெடுக்கலாம் என்று கார்டன்-டெய்லர் 1940இல் காட்டிய வழியில் சீஃப் எடுத்தார். தமனியைக் கட்டவில்லை. அந்த அம்மா வாய் நிறையப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இன்று டாப்ளரும் சி.டி. ஸ்கேனும் சில நிமிடங்களில் பதில் சொல்கின்றன. ஆனாலும் மாணவச் செல்வங்களே, ஸ்கேனுக்குச் சீட்டு எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கே முதலில் கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் துடிக்கும் கட்டியில் ஊசி போடப் போகும்போது, உங்கள் பின்னால் ஒரு சீஃப் நிற்பார் என்ற உத்தரவாதம் இல்லை. அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: "கையை வெச்சுப் பாத்தியா?"