ராஜாவின் ஆடுகள் – 4

ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ் ஆட்டுக்கு ஒரு பழக்கம். ஆபத்தென்றால் வெகுதூரம் ஓடாது. செங்குத்துப் பாறையில் ஏறி நின்று திரும்பிப் பார்க்கும். ஓநாயிடம் இது பலித்தது. துப்பாக்கியிடம் பலிக்கவில்லை.

(நம் நீலகிரி வரையாட்டையும் வெள்ளைக்காரத் துரைமார் ‘ஐபெக்ஸ்’ என்றுதான் தவறாக அழைத்தார்கள். அந்தப் பெயரின் சொந்தக்காரர் இவர்.)

போதாக்குறைக்கு வைத்தியர்கள். ரத்தம் குடித்தால் கல்லடைப்பு தீரும். வயிற்றில் திரளும் உருண்டை விஷத்தை முறிக்கும். இதயத்திலிருக்கும் சிலுவை போன்ற எலும்பைத் தாயத்தாகக் கட்டினால் துர்மரணம் அண்டாது! நடமாடும் மருந்துக்கடையை யார் விட்டுவைப்பார்கள்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடமேற்கு இத்தாலியின் கிரான் பாரடீசோ மலைகளில் மட்டும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருந்தது. நூறுகூடத் தேறாது என்கிறார்கள்.

1821 செப்டம்பர் 21. அந்த மலைகளை ஆண்ட சார்டீனிய அரசர் கார்லோ ஃபெலிச்சே ஆணை பிறப்பித்தார்: இனி யாரும் ஐபெக்ஸை வேட்டையாடக் கூடாது.

யாரும் என்றால்? 1856இல் பதில் கிடைத்தது. பின்னாளில் அரசரான விட்டோரியோ இம்மானுவேலே அந்த மலைகளைத் தன் சொந்த வேட்டைக்காடாக்கிக்கொண்டார். ஆட்கள் மலையைச் சுற்றி வளைத்து ஆடுகளை விரட்டிவர, அரசர் காத்திருந்து சுடுவார். அவருடைய சார் கோட்டையின் மண்டபச் சுவர்களில் வரிசை வரிசையாக அறைந்திருக்கும் கொம்புகள் இன்றும் சாட்சி.

ஆனால் தன் வேட்டைக்காகவே அவர் காவலர் படை வைத்தார். திருட்டு வேட்டைக்காரர்களையே பிடித்துக் காவலராக்கினார். வேலி பயிரை மேய்ந்தது உண்மை. மற்ற மாடுகளை அண்டவிடவில்லை என்பதும் உண்மை. ஆடுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. இந்த அரசரைப் பாராட்டவும் மனம் வரவில்லை, திட்டவும் வாய் வரவில்லை.

மலைக்கு அந்தப்பக்கம் சுவிட்சர்லாந்து. அங்கே கடைசி ஐபெக்ஸும் எப்போதோ சுடப்பட்டுவிட்டது. வீட்டு வெள்ளாட்டோடு கலந்து பிறந்த குட்டிகளை மலையில் விட்டுப் பார்த்தார்கள், தேறவில்லை. அசல் ரத்தம் வேண்டும். அது இருந்த இடமோ ஒன்றே ஒன்று. இத்தாலிய அரசரிடம், பழைய வேட்டைக்கார ராஜாவின் பேரனிடம், கேட்டார்கள்.

முடியாது என்றார் அவர்.

1906இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரப் பூங்காவுக்கு அசல் ஐபெக்ஸ் குட்டிகள் வந்து சேர்ந்தன. அரசர் கொடுக்கவில்லை. விற்கவும் இல்லை.

பிறகு எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தது யார்?

(அடுத்த வாரம்)